வாய்க்கால் கரை அக்காவுக்கு

தம்பி நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா ஆரத்தி சுற்றிக் கொட்டியதும் யார் கையையும் பிடிக்காமல் தானே படியேறி உள்ளே போனான். பத்து நாளாக நண்பர்கள் நீங்கள் எல்லோரும் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் நாங்கள் ஒன்பது பேர் சைக்கிளில் போனபோது, வாய்க்கால் கரையில் தம்பி விழுந்து பலமாக அடிபட்டது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

108 வண்டிக்கு அந்தக் கரை பிடிபடவில்லை. மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் சவுக்கும் பனையும்தான் தெரியும், உள்ளே கப்பி ரோடு ஒன்று போகிறது என்று வெளியூர்க்காரர் யாருக்கும் தோன்றாது. யாராவது ஓடிப்போய் நின்று கைகாட்ட வேண்டும். பெடலில் பூட்டிக்கொள்ள சைக்கிள் ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மணலில் ஓட முடியாது. கழற்றி எங்கேயோ எறிந்துவிட்டு ஓடினேன். சித்திரை மாதம், பதினொரு மணி வெயில். கால் சுட்டதா என்று கேட்டால் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வண்டி வந்து, தம்பியை ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்தாயிற்று. கதவைச் சாத்தப் போகிற நேரம் ஒரு அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. "வெறுங்காலோடயா தம்பி ஆஸ்பத்திரிக்குப் போவீங்க? இத மாட்டிக்கிங்க" என்று என் காலடியில் வைத்தார். கதவு மூடிவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீல வார் போட்ட செருப்பு. என் காலுக்கு ஒரு சைஸ் பெரியது, அவர் வீட்டுக்காரருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கும் ரத்த வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் பத்து நாள் ஓடினேன். ராத்திரி வராந்தாவில் படுக்கும்போது துண்டுக்கு அடியில் அதையே தலைக்கு வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ராத்திரிதான் அதைச் சரியாகப் பார்த்தேன். இடது செருப்பில் வாரின் குமிழ் பிய்ந்து போயிருந்தது. அது கழன்று வராமல் அடியில் ஊக்கு குத்தியிருந்தார்கள். ஊக்கின் முனை காலில் படாதபடி நூல் சுற்றி மூடியிருந்தது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் சுற்றிய நூல். இன்னும் கொஞ்ச நாள் உழைக்கட்டும் என்று ஒரு வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த செருப்பு அது. தம்பி விழுந்ததிலிருந்து அழாத நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தனை கூச்சலிலும் ரத்தத்திலும் அந்த அக்காவுக்கு என் கால் எப்படிக் கண்ணில் பட்டது? இதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் அந்தப் பக்கம் எதற்காகப் போனோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் வெள்ளைக்காரன் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். அந்த வழியின் கடைசிப் பகுதியைத் தார் ரோட்டை விட்டு விலகி, வாய்க்கால் கரை, தோப்பு, உப்பளத்து வரப்பு என்று சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நாலு வருட ஆசை. டயரில் காற்றை எவ்வளவு இறக்கினால் மணலில் புதையாது, கோடியக்கரையில் வெளிமான் எந்நேரம் வெளியே வரும், இதெல்லாம் குறித்துவைத்திருந்தோம். அங்கே இருக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

அந்தத் தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். அதனால் வழிநெடுக ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று பேர் கிடையாது. நடந்து போனவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு மேலே நடந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். பழைய கதையாகத்தான் சொன்னேன்.

அப்புறம், மற்ற எல்லோருக்கும். உப்பு வாரிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றுக் கட்டிலில் தம்பியைத் தூக்கிவந்த நான்கு பேருக்கு. "தலைய அசைக்காதீங்க, தலைய அசைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே கூட ஓடிவந்த அந்தப் பையனுக்கு. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். 108 வண்டியின் இருவருக்கு, வார்டு நர்சுகளுக்கு, ரத்தம் கொடுக்க ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பைக்கில் வந்து நின்ற ஐந்து பேருக்கு. என் போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்து, வந்த அழைப்புக்கெல்லாம் பதிலும் சொன்ன டீக்கடைக்காரருக்கு. வளைந்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்ற சைக்கிள் கடைப் பெரியவருக்கு.

எங்கள் ஒன்பது சைக்கிளையும் குட்டி யானை வண்டியில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து இறக்கியவர் வாடகை வாங்கவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன். "கஜாவுக்கு எங்கெங்கேயிருந்தோ லாரி லாரியா சாமான் வந்துச்சு சார். அப்ப நாங்க யாருக்கு வாடகை குடுத்தோம்?" என்றார். 2018இல் அடித்த புயல். அவர் தோப்பில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லையாம்.

ஒரு விஷயம் முடிவு செய்திருக்கிறோம். மறுபடியும் அந்தப் பாதையில் போவோம், தம்பியும் வருவேன் என்கிறான். ஆனால் முன்போல ஊரைக் கடந்து மட்டும் போக மாட்டோம். ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போவோம். முதலுதவி படித்துவிட்டு வருவோம், ஒருவர் இரண்டு பேர் இல்லை, ஒன்பது பேரும். கரையில் எந்த இடத்தில் நின்றால் வண்டிக்கு வழி சொல்லலாம் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைப்போம்.

செருப்பைக் கழுவி வாசலில் காயவைத்திருக்கிறேன். புது ஜோடி ஒன்றும் வாங்கிவிட்டேன், அதே நீல வார். ஆனால் பழையதையும் கொண்டுவருவேன், அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஊக்கை மாற்றவில்லை, நூலையும் பிரிக்கவில்லை.

அகஸ்தியம்பள்ளிப் பக்கம் இருக்கிற யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அந்த அக்காவிடம் சொல்லுங்கள். வாய்க்கால் மதகிலிருந்து இரண்டாவது வீடு, வாசலில் முருங்கை. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், நடக்கிறான், நேற்று ராத்திரி ரசம் சோறு சாப்பிட்டான் என்று சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அண்ணன் வருகிறான், வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.