ஒரு விசை போனதற்காக விசைப்பலகையையே ஒதுக்காதீர்கள்

இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வட்டாரங்களில் லினக்ஸ் இயங்குதளக் கணினிகளைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஓரிரு விசைகள் மட்டும் செயலிழந்த விசைப்பலகைகளை மூலையில் போட்டுவிட்டு, புதியது வரும் வரை அந்தக் கணினியையும் பூட்டி வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

விசைகளுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட மெல்லிய மின்தடங்களை உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் அரித்துவிடுகின்றன. ஒரு தடம் முழுவதும் அறுந்து வரிசையாகப் பல விசைகள் போய்விட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால், அதிகம் பயன்படாத விசை ஒன்றுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் எஃப் விசையில்தான் புள்ளி இருக்கிறது. அது போனால் ‘கடல்’ என்று அடிக்க நினைக்கும் பிள்ளைக்குக் ‘கடல’ என்றுதான் வரும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாததால் சும்மா கிடக்கும் கேப்ஸ் லாக்கை எஃப் ஆக்கிவிடுவதே என் முதல் பரிந்துரை.

பலரும் இதற்கு, விசைகளின் வேலையை மாற்றும் எக்ஸ்மோட்மேப் என்ற கட்டளையை நாடுகிறார்கள். ஆய்வகத்துக்கு அது ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. விசைப்பலகையைக் கழற்றி மாட்டினாலோ, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறினாலோ அந்த அமைப்பு அழிந்துவிடக்கூடும். வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி அமைப்பில் இயங்கும் மேசைத்தளத்தில், உபுண்டு 22.04 போன்றவற்றில், அதை நம்பவே முடியாது. உள்நுழைந்த பிறகே அது செயல்படும் என்பதால், கடவுச்சொல்லில் எஃப் இருந்தால் உள்நுழையும் திரையிலேயே மாணவர் நின்றுவிடுவார்.

ஆகவே மாற்றத்தை, இணைக்கும் கருவிகளை லினக்ஸில் கவனித்துக்கொள்ளும் யூடெவின் வன்பொருள் தரவுத்தளத்தில் செய்யுங்கள். அழுத்தும் விசையின் எண்ணைக் காட்டும் ஈவிடெஸ்ட் என்ற கருவியை நிர்வாகி உரிமையுடன் இயக்கிக் கேப்ஸ் லாக்கை அழுத்தினால், யூஎஸ்பி விசைப்பலகையில் 70039 என்ற எண் தெரியும். அந்த எண்ணுக்கு எஃப் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி, தரவுத்தளத்தைப் புதுப்பித்து, கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் கீழே, இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே இது நடப்பதால் தமிழ், ஆங்கிலம், உள்நுழையும் திரை, எழுத்து மட்டுமே உள்ள வெறும் முனையம் எங்கும் ஒரேபோல் வேலை செய்யும். தானாகவே அழுந்திக்கொண்டு எழுத்துகளைக் கொட்டும் விசையையும் இதே கோப்பில் முடக்கிவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் வைத்தே விசைப்பலகை அடையாளம் காணப்படுவதால், பின்னாளில் அதே மாடலில் புதியது வாங்கி மாட்டினால் அந்தக் கோப்பை நீக்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு ஆய்வகமும் தன் போக்கில் மாற்றாமல், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே ஒழுங்கை நீங்கள் கூடி முடிவு செய்ய வேண்டுகிறேன். பள்ளி மாறிவரும் மாணவரும் தேர்வுக்கு வரும் மாணவரும் தடுமாறக் கூடாது. மாற்றிய விசையின் மேல் புதிய எழுத்தைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதிக் கணினிப் பழுதுபார்ப்பாளர்