துளை அளவுகளை மாற்றி வரைந்து செய்த 12 தகடுகள் குறித்த புகார்

பெறுநர்: தரக் கட்டுப்பாட்டு மேலாளர்

ஐயா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய 12 தகடுகளும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. ஒன்றுகூட எங்கள் அடித்தளத்தில் பொருந்தவில்லை. முதல் தகட்டை வைத்து ஆறு M6 (6 மி.மீ. விட்டம்) போல்ட்டுகளை வரிசையாக இறக்கினேன். நான்கு சிரமமில்லாமல் இறங்கின. ஐந்தாவது உரசிக்கொண்டு போனது. ஆறாவது மரையைப் பிடிக்கவே இல்லை, துளையின் ஓரத்தில் சாய்ந்து நின்றது.

வரைபடத்தில் அளவுகளை ஏன் மாற்றினீர்கள் என்று போனில் கேட்டபோது உங்கள் பொறியாளர், “கூட்டிப் பாருங்க சார், ஒரு 20, அஞ்சு 60, மொத்தம் 320 தானே, எதுவும் மாறலையே” என்றார். கூட்டல் சரிதான். அளவோடு டாலரன்ஸும் (அனுமதிக்கப்பட்ட கூடுதல் குறைவு) சேர்ந்து கூடுகிறது என்பதைத்தான் அவர் விட்டுவிட்டார்.

எங்கள் வரைபடத்தில் ஆறு துளைகளுக்கும் இடது விளிம்பிலிருந்தே அளவு கொடுத்திருந்தோம்: 20, 80, 140, 200, 260, 320 மி.மீ., ஒவ்வொன்றும் ±0.1. அந்த விளிம்புதான் அடித்தளத்தின் ஸ்டாப்பரில் போய் முட்டும். அதனால்தான் அங்கிருந்து தொடங்கினோம். பெட்டியில் வந்த உங்கள் ஷாப் டிராயிங்கில் (பட்டறைக்காக நீங்கள் வரைந்த தாளில்) அதே துளைகள் 20, 60, 60 என்று, ஒவ்வொன்றும் முந்தைய துளையிலிருந்து அளக்கும்படி, சங்கிலியாக மாறியிருக்கின்றன. ஒவ்வொரு கண்ணிக்கும் ±0.1 என்றால் கடைசித் துளை 0.6 வரை தள்ளிப்போகலாம்.

அதுதான் நடந்திருக்கிறது. தகட்டை இடது விளிம்பில் நிறுத்தி ஹைட் கேஜில் (உயரம் அளக்கும் கருவியில்) பார்த்தோம். முதல் துளை 20.05. அடுத்தடுத்த இடைவெளிகள் 60.09, 60.08, 60.10, 60.09, 60.09. உங்கள் தாளின்படி இவை எல்லாமே பாஸ். ஆனால் ஆறாவது துளை நிற்பது 320.50-ல், எங்கள் உச்ச வரம்பு 320.10. துளை 6.4, போல்ட் 6, ஆக போல்ட் அசைய மொத்த இடமே 0.4 தான். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவில் மட்டும் 0.45 கூடியிருக்கிறது. துளை போட்டவர் மேல் எனக்குக் குறையே இல்லை. கையில் கொடுத்த தாளுக்கு அவர் சுத்தமாக வேலை செய்திருக்கிறார்.

இன்னொன்று. முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 300 என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தோம். அது தகவலுக்கான அளவு, அதை வைத்து வேலை செய்யக் கூடாது. நீங்கள் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு ±0.1 சேர்த்திருக்கிறீர்கள். ஐந்து 60-க்கு மேல் ஒரு 300-ம் இருந்தால் பட்டறையில் எதை நம்புவார்கள்? சரி, அந்த 300-ஐயாவது அளந்திருந்தால் 300.45 என்று காட்டியிருக்கும். பெட்டியை மூடுவதற்கு முன்பே தவறு பிடிபட்டிருக்கும்.

12 தகடுகளையும் உங்கள் செலவில் புதிதாகச் செய்து தர வேண்டும். பட்டறைக்கு எங்கள் வரைபடமே போக வேண்டும். மாற்றி வரைந்தே ஆக வேண்டுமென்றால் எங்கள் கையெழுத்து வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு துளையும் இடது விளிம்பிலிருந்து எத்தனையில் இருக்கிறது என்ற இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் தகடுகளோடு வர வேண்டும். பழைய தகடுகளைக் கழற்றி, எண் போட்டு வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பிரிவு