அதிர்ஷ்டமா, ஜோன் சலிவனுக்கா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சென்ற இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில், நகைச்சுவைத் தொடர் எழுத்தாளர் ஜோன் சலிவனை, 'பதினைந்து வயதில் பள்ளியை விட்டாலும் அதிர்ஷ்டத்தால் உயர்ந்தவர்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அறுபதுகளிலிருந்து பிபிசிக்கு அவர் அனுப்பிய எழுத்துப்பிரதிகள் திரும்பி வந்ததையும், பின்னர் அதே நிறுவனத்தில் அரங்கப் பொருள்களைச் சுமக்கும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்த தயாரிப்பாளர் ஒருவரைத் தாமே அணுகி, 1977இல் 'சிற்றிசன் ஸ்மித்' தொடரை எழுதத் தொடங்கியதையும் தாங்கள் அறியாதவர் அல்லர். 1981இல் வந்த 'ஒன்லி ஃபூல்ஸ் அன்ட் ஹோர்சஸ்' முதலில் பெரிதாக எடுபடவில்லை. 1996 நத்தார் விடுமுறையில் அதே தொடரை 2 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தார்கள். இடைப்பட்ட பதினைந்து ஆண்டு உழைப்புக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் சூட்டத் தங்கள் பத்திரிகைக்குத்தான் துணிவு உண்டு.

அத்தொடரில் வரும் சரவிளக்குக் காட்சியை 'நடிகர்களின் சமயோசிதம்' என்று வேறு எழுதியுள்ளீர்கள். குழாய் வேலை செய்த தம் தந்தை சொன்ன சம்பவத்திலிருந்து சலிவன் கட்டிய காட்சி அது. இருவர் ஏணியில் நின்று ஒரு விளக்குக்குக் கீழே துணியை விரித்துப் பிடித்திருக்க, மேல்மாடியில் மூன்றாமவர் திருகைக் கழற்ற, விழுந்து நொறுங்குவது மற்ற விளக்கு. அந்த ஒரு நொடிக்காக அரை மணி நேரத்தை அடுக்கியவருக்கு அங்கே வேலையே இல்லை போலும்!

இது தங்களுக்குப் புதிய பழக்கமும் அன்று. 1992இல் எங்கள் கலைவிழாவில் அரங்கேறிய நகைச்சுவை நாடகத்தை எழுதியவன் நான். நடித்தவர்களுக்கு மாலை விழுந்தது. அழைப்பிதழில் ஒலிபெருக்கி தந்தவரின் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. தங்கள் செய்தியாளர், மூன்று இரவுகள் அடித்துத் திருத்தி நான் எழுதிய வசனத்தை, நடிகர் மேடையில் 'அந்தக் கணமே உதிர்த்தது' என்று வியந்தார். திருத்தம் கோரி அனுப்பிய கடிதம் இன்னும் தங்கள் பரிசீலனையில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சலிவனின் தொடர் வென்ற பாஃப்டா என்னும் பிரித்தானியத் திரை, தொலைக்காட்சி விருதுகளையும், 2005இல் அவருக்குக் கிடைத்த ஓபிஇ என்னும் பிரித்தானிய அரச பட்டத்தையும் பிழையின்றி அச்சிட்டதற்கு நன்றி. இனிமேல் தொலைக்காட்சிப் பக்கத்தில், நடிகர்களின் பெயர்களுக்குக் கீழே, எவ்வளவு சிறிய எழுத்திலானாலும், எழுதியவரின் பெயரையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடம் போதாதென்றால் இக்கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

தங்கள் நீண்டகால வாசகன்,
தென் லண்டன்