செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழைய காட்டு மரங்களைக் காக்கப் பாடுபடும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையை நாளை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். கைகூப்பும் படத்தைத் தட்டிவிட்டுப் போய்விடாமல், சந்தா பற்றி எழுதியிருக்கும் இடம் வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்தவை:

செயற்குழு ஏறக்குறைய மாதம்தோறும் கூடியது. ஜூலைக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. 30ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலச்சரிவு வந்ததும் நம்மில் பலர் நிவாரணப் பொருட்களோடு சோலாடி வழியாக அங்கே போய்விட்டார்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் பள்ளியில் மரக்கன்றுகள் நட்டோம். அக்டோபரில் வன உயிரின வார விழாவுக்கு விநாடி வினா நடத்தினோம். பொங்கலுக்கு அடுத்த வாரம் தலைவர் வீட்டில் கூடினோம், சாப்பாடு நன்றாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்கள், நாம் எதைத்தான் எதிர்க்கிறோம் என்று கேட்கிறார்கள். பழைய உறுப்பினர்களிலும் சிலருக்கு இது தெளிவாக இல்லை என்பது டிசம்பரில் தெரிந்தது. முதுமலைப் பக்கமிருந்து மரம் ஏற்றிவந்த லாரியை ஒருவர் படம் எடுத்து, "சங்கம் தூங்குகிறதா?" என்று குழுவில் போட்டார். அது ஊர் முழுக்கச் சுற்றியது. லாரியில் இருந்தது மஞ்சக்கொன்னை. வெளிநாட்டிலிருந்து அழகுக்கென்று வந்து, காட்டையே அடைத்துக்கொண்டு, கீழே புல்லைக்கூட முளைக்க விடாத மரம். அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவது அரசு எடுத்த முடிவு, நமக்கும் சம்மதம். வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் எல்லாம் அதே கணக்குத்தான். வனத்துறையே நட்டு வளர்த்த தேக்குத் தோட்டத்தில் நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டுவதையும் நாம் தடுக்கவில்லை. சிறு விவசாயி தன் தோட்டத்து சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி விற்றால் அது அவர் பாடு. நமக்குப் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். அரசு நிலத்தில், யாரும் நடாமல் தானாக வளர்ந்து நிற்கும் பழைய காட்டில், ஈட்டியும் (ரோஸ்வுட்) அயனியும் வேங்கையும் மருதும் ஏதாவது ஒரு பெயரில் கீழே விழுவது.

அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். "காய்ந்த மரம்", "காற்றில் விழுந்த மரம்", "ஆபத்தான மரம்". நன்றாக இருக்கும் மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் போதும். இலையில் செய்த உணவு பட்டைக்கு உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அறுந்தால் வேர் பட்டினி கிடந்து, மரம் நின்றபடியே காயும். அப்புறம் அது காய்ந்த மரம். சாலை ஓரம் என்றால் ஆபத்தான மரம். வேரடியில் துளை போட்டு ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. நீலகிரியில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலத்தில்கூட அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஆனால் செத்துப்போன மரத்துக்கு அனுமதி கேட்கும்போது, அதை யார் கொன்றார்கள் என்று அந்தக் காகிதத்தில் எழுத இடம் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காடு என்றால் என்ன என்று நாடு முழுவதுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம் கூடலூர் மரத்தால் வந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, தன் முன்னோரிடம் இருந்து அரசின் கைக்குப் போன கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்துவிட்டு 1995இல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி உத்தரவு வந்தது. யார் பெயரில் இருந்தாலும், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், அகராதிப்படி காடு என்றால் அது காடுதான். முந்தைய தடைக்கு முன்பே வெட்டிப்போட்ட மரங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தபோதுகூட, ஜென்ம நிலத்து மரத்துக்கு, அதாவது முன்பு கோவிலகத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்த நிலத்து மரத்துக்கு, அது கிடையாது என்று தனியாகச் சொன்னார்கள். தேயிலை, காபி, ஏலத் தோட்டங்கள் காட்டுக்குள் இனி ஓர் அடிகூட நகரக்கூடாது என்பதும் அதே உத்தரவு. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டமோ ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், நீதிமன்றம் தொடாதபடி சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் போட்டாலும் ஒரு சட்டம் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமானது. சட்டக் கல்லூரிகளில் நம் ஊர் பெயரைப் படிக்கிறார்கள். நாம் சந்தா கட்டவே யோசிக்கிறோம்.

இந்த ஆண்டின் பெரிய அடி ஈட்டிக்குத்தான். ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் 1995இல் பதினைந்து ஆண்டுக்கு என்று வந்து, 2010இல் இன்னொரு பதினைந்து ஆண்டு நீண்டது. 2025 பிப்ரவரியோடு அது காலாவதியாகிவிட்டது. ஈட்டி மெதுவாக வளரும் மரம். விதையிலிருந்து கன்று வருவதைவிட, தாய்மரத்தின் வேரிலிருந்து எழும் கன்றுதான் அதிகம். அதனால் ஒரு பழைய ஈட்டியை வேரோடு தோண்டி எடுத்தால் அந்த இடத்து வாரிசும் சேர்ந்தே போகிறது. சட்டத்தை நீட்டிக்கக் கேட்டு மனு எழுதினோம். கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கி ஆதரித்தார்கள். கையெழுத்து வாங்கப் போனபோது பாதிப் பேர் வெளியூரில் இருந்தார்கள். இருந்த கையெழுத்தோடு அனுப்பினேன். ஒப்புகை வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

"ஆபத்தான மரம்" என்ற பெயரில் மூன்று ஆண்டுகளில் எத்தனை அனுமதி தரப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்தைக் கேட்டிருந்தோம். "கோரிய தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை" என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். செய்திருக்கிறோம் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், எழுதியதும் தபாலில் சேர்த்ததும் யார் என்பது செயற்குழுவுக்குத் தெரியும்.

இனி மரப் பதிவேடு. இதற்கு மட்டும் அறிக்கையில் இத்தனை இடமா என்று துணைத் தலைவர் கேட்டார். காரணம் இருக்கிறது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசுப் பதிவேட்டில் காடு என்று இல்லாத காட்டுக்குப் பாதுகாப்பு போய்விடும் என்று வழக்கு நடக்கிறது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1996 உத்தரவின் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்றது. 2025 மார்ச் 4ஆம் தேதி, இன்னும் நிபுணர் குழு அமைக்காத மாநிலங்கள் உடனே அமைத்து, எவை காடு என்று பட்டியல் எடுத்தாக வேண்டும், தவறினால் தலைமைச் செயலரே பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. நம் பக்கத்தில் சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலம். அதில் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் மாட்டிக்கொண்டு, காடா தோட்டமா என்று முடிவாகாமல் கிடக்கும் நிலம்தான் இழுபறி. பட்டியல் எடுக்க வருகிறவர்கள் அலுவலகத்திலிருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு ஆள் கட்டிப்பிடிக்கும் அயனி நிற்பது காகிதத்தில் இல்லை. அதை எழுதிவைக்க யாராவது வேண்டும்.

அதைத்தான் நான் தொடங்கினேன். மரத்தில் பெயிண்டில் எண் போடலாம் என்றுதான் முதலில் பேசினோம். வனத்துறை ஊழியர் ஒருவர், காட்டு மரத்தில் நீங்கள் குறி போடக்கூடாது, அதுவே வழக்காகிவிடும் என்றார். நியாயமான பேச்சு. அதனால் பெயிண்ட் இல்லை. சாலையிலும் பாதையிலும் நின்று பார்க்க முடிந்ததை மட்டும், மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, செல்போன் காட்டும் இடக்குறி, பட்டையில் காயம் உண்டா இல்லையா, மேலே தேனடை உண்டா என்று நோட்டில் எழுதுகிறோம். தேனடை எதற்கு என்று சிரித்தார்கள். காட்டுநாயக்கர் பெரியவர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார்: பெருந்தேனீ வருஷாவருஷம் அதே மரத்துக்குத்தான் திரும்பி வரும், உயர்ந்து கிளை பரப்பிய பழைய மரத்தைத்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட மரம் எங்கே எங்கே இருக்கிறது என்று அவருக்கு அவருடைய அப்பா காட்டியிருக்கிறார். அவர் சொன்ன மரங்களில் சில இப்போது அடிக்கட்டையாக இருப்பதையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இருவாச்சி கூடு வைக்கும் பொந்தும் இப்படிப்பட்ட மரத்தில்தான். பொந்து விழும் அளவுக்கு மரம் முதிர நம் ஆயுள் போதாது. வெட்டியதற்குப் பதில் பத்துக் கன்று நடுகிறோம் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பதிவேடு மூன்று நோட்டு ஆகியிருக்கிறது. கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்ன இளைஞர் உறுப்பினர் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார், வாழ்த்துகள். நடைக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் யானை பயம் என்றார்கள். யானை பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் காலை எட்டு மணிக்கு மேல், வெட்டவெளிப் பாதையில், ஆள் துணையோடு போகிறோம். அந்த ஆள் துணை பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும். மற்றவர்கள் வந்திருந்தால் ஓவேலிப் பக்கமும் முடிந்திருக்கும்.

வராமல் போனதற்கு இன்னொரு காரணம் இருப்பதும் எனக்குத் தெரியும். மனதில் வைத்துக்கொள்ளாமல் பேசிவிடலாம். 2022இல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டதிலிருந்து, நம் சங்கம் தொழிலாளிக்கு எதிரி என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சேரங்கோட்டிலும் நெல்லியாளத்திலும் சிலர் அதோடு சந்தாவை நிறுத்திவிட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இலிருந்து இங்கே காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வெட்டிய ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். "உங்கப்பன் வெட்டினான், நீ தடுக்கிறியா?" என்று பேருந்து நிலையத்திலேயே என்னைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா வெட்டினார், உண்மைதான். வேறு பிழைப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இன்று ராத்திரியில் பவர் சா சத்தம் கேட்கிறதே, அதில் எந்தத் தொழிலாளி வீட்டு அடுப்பு எரிகிறது? ஈட்டி ஒரு லோடு மலை இறங்கினால் கூலிக்குப் போனவனுக்கு ஒரு நாள் சம்பளமும் பிடிபட்டால் வழக்கும். காசு வேறு எங்கோ. தொழிலாளியை லைன் வீட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நம் சங்கம் ஒரு தீர்மானமும் போட்டதில்லை. தீர்மானப் புத்தகம் என் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

வரவு செலவு. விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், போன ஆண்டு மிச்சமும் இந்த ஆண்டு நன்கொடையும் சேர்ந்து செலவை ஏறக்குறைய ஈடுகட்டியது. ஜெராக்ஸ், தபால், ஆட்டோ ஆகியவைதான் பெரிய செலவுகள். சில சிறு செலவுகளுக்கு ரசீது இல்லை, அவை என் கையிலிருந்து போனவை, திருப்பிக் கேட்கவில்லை. சந்தா ஆண்டுக்கு 200 ரூபாய். மாதத்துக்கு பதினேழு ரூபாய்கூட வராது, டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் அதைவிட அதிகம். பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது. அதில் மூன்று ஆண்டுகளாகக் கட்டாத ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது மகிழ்ச்சி.

நன்றி: இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், செய்தி போட்ட உள்ளூர் நிருபர்களுக்கும், மனுக்களைக் கட்டணமின்றிப் பார்த்துத் தந்த வழக்கறிஞருக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும். ஆசிரியருக்கும் அவர் மனைவிக்கும் தனி நன்றி. மழைக்காலத்தில் அட்டைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்த ஆண்டு. நிபுணர் குழு நம் மாவட்டத்துக்கு வருவதற்குள் பதிவேட்டைத் தட்டச்சு செய்து, சர்வே எண்ணோடு பொருத்தி, வழக்கறிஞர் மூலம் கொடுக்க வேண்டும். சர்வே எண் பொருத்தத் தெரிந்தவர், ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர், நம் உறுப்பினர்களிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும் யார் என்று. ஈட்டிச் சட்டம் பற்றி எம்.எல்.ஏ.வை நேரில் பார்க்க ஒரு குழு வேண்டும். மேல்முறையீட்டு விசாரணைக்கு ஊட்டிக்குப் போக யாராவது கூட வர வேண்டும். செயலாளர் பதவியில் என் காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. மீண்டும் நிற்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, நிற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. புதியவர் வந்தால் மூன்று நோட்டையும் பீரோ சாவியையும் அன்றே கொடுத்துவிடுவேன். வருகிறவருக்கு நடக்கத் தெம்பும், அலுவலக வாசலில் காத்திருக்கப் பொறுமையும், கொஞ்சம் கைக்காசும் வேண்டும். அப்படி ஒருவர் இந்த அறையில் இருந்தால் தேர்தலுக்கு முன் கை தூக்கலாம். இல்லையென்றால் குறைந்தபட்சம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைப் பதிவேட்டுக்குத் தருவதாகப் பெயர் கொடுக்கலாம். தாள் பின்வரிசை மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

டீ வரப்போகிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு டீ மேசைக்குப் பக்கத்திலேயே உட்காருவார்.

இப்படிக்கு,
செயலாளர்