வடசென்னை ஆங்கில ஆசிரியர்களுக்கு: மீனிங் நோட்டு பற்றி ஒரு திறந்த மடல்

வடசென்னையின் மாநகராட்சி, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளைத் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பகலில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் நண்பர்களோடு சேர்ந்து தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகம் நடத்துகிறோம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் பகலில் பாடம் நடத்துகிற அதே பிள்ளைகள்தான். அவர்கள் பையில் எது இருக்கிறதோ இல்லையோ, மீனிங் நோட்டு ஒன்று கண்டிப்பாக இருக்கும். நடுவில் கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல். அந்தக் கோட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் தன் ஆயாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினாள். ஊரிலிருந்து வந்த ஆயா தன் உடல்நலத்தை விசாரித்தாள் என்று சொல்ல நினைத்து, 'மை கிராண்ட்மதர் இன்டராகேட்டட் மீ அபவுட் மை ஹெல்த்' என்று எழுதியிருந்தாள். ஸ்பெல்லிங் சரி, இலக்கணமும் சரி. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் 'இன்டராகேட் - விசாரி' என்று இருக்கிறது, பக்கத்திலேயே சிவப்பு மையில் டிக். அவள் படித்ததைத்தான் எழுதினாள். ஆனால் இன்டராகேட் என்பது காவல் நிலையத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பது. தமிழில் நலம் விசாரிக்கலாம், வழக்கு விசாரிக்கலாம், பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் விசாரிக்கலாம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. நோட்டில் போட்ட கோடு அதையெல்லாம் மறைத்துவிட்டது.

'பிடி என்றால் என்ன?' என்று ஒரு காசிமேட்டுப் பையனிடம் கேட்டேன். 'எதைப் பிடிக்கிறதுண்ணா?' என்று திருப்பிக் கேட்டான். மீன் பிடிக்கலாம், பஸ் பிடிக்கலாம், சளி பிடிக்கும், படம் பிடிக்கலாம், ஒருவரைப் பிடித்தும் போகலாம். பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்று தெரியாமல் பொருள் சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தாய்மொழியில் தானாகவே தெரிகிறது. ஆங்கிலம் என்றதும் அந்த அறிவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நம்பச் சொல்கிறோம். என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

உங்கள் நிலைமை தெரியாமல் எழுதவில்லை. நிரம்பி வழியும் வகுப்பு, நாற்பது நிமிடப் பீரியட், அதற்கு நடுவே பதிவேடுகள், பயிற்சி வகுப்புகள், தேர்தல் வேலை. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு நீங்கள்தான் ஒரே வாசல். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எழுதிப் போடுவது விரைவான வழி என்பதும் புரிகிறது. ஆனால் அந்த வழியில் போன பிள்ளைகள் வேலை தேடும்போது என்ன ஆகிறது என்று நான் பார்க்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்த ஒரு தம்பி, கிடங்கு ஒன்றில் வேலைக்கு விண்ணப்பம் எழுதினான். கடைசி வரி: 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி.' ஸ்லோ என்றால் மெதுவான, ஸ்லோலி என்றால் மெதுவாக. அதே கணக்கில் ஹார்ட் என்றால் கடினமான, ஹார்ட்லி என்றால் கடினமாக. அவன் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஹார்ட்லி என்ற சொல்லுக்கு 'கிட்டத்தட்ட இல்லை' என்று பொருள். கடினமாக உழைப்பேன் என்று சொல்ல வந்தவன், வேலையே செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். நேர்காணலில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்களாம். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதவும் அவன் பேனாவைத் தொடவில்லை. 'வொர்க் ஹார்ட்' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தே ஒருமுறை பழகியிருந்தால் அந்தத் தலைகுனிவு வந்தே இருக்காது.

அதற்காகத் தமிழில் பொருளே சொல்லக்கூடாது என்று கேட்கவில்லை. தமிழை வகுப்பிலிருந்து விரட்டினால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். தமிழை இன்னும் நன்றாகப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். 'மறு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ரெஃப்யூஸ் - மறு, டினை - மறு, ரிஜெக்ட் - மறு என்று மூன்று வரி இருக்கும். எதை எங்கே போடுவது என்று பிள்ளை திண்டாடும். ஆனால் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். 'அவன் பணம் வாங்க மறுத்தான்' என்றால் ரெஃப்யூஸ். 'அவன் பணம் வாங்கியதை மறுத்தான்' என்றால் டினை. முதலாவதில் பணம் கை மாறவே இல்லை. இரண்டாவதில், வாங்கினாய் என்று யாரோ சொல்ல, இல்லை என்கிறான். 'வாங்க', 'வாங்கியதை' என்று தமிழே வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது. விண்ணப்பத்தை மறுப்பதற்கு நிராகரி என்று தனிச்சொல்லும் நம்மிடம் உண்டு; அது ரிஜெக்ட். கரும்பலகையில் இரண்டு தமிழ் வாக்கியம், அவற்றுக்கு நேராக இரண்டு ஆங்கில வாக்கியம். ஐந்து நிமிடம் போதும், எங்கள் படிப்பகத்தில் செய்து பார்த்தது.

இது புதிய யோசனையும் அல்ல. 1920களில் வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், நம் பிள்ளைகளைப் போலவே வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர்களுக்காக யோசித்தவர். 1935இல் அவர் கொண்டுவந்த அகராதியில் எல்லாச் சொற்களுக்கும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதப்பட்டது. 1953இல் வெளியான அவருடைய அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். பட்டியலாகவே இருந்தாலும் அப்படி இருக்கலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, எந்த வினைக்குப் பின்னால் வாக்கியம் எப்படிப் போகும் என்று காட்டியது. இன்று உலகம் முழுக்க மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அதிலிருந்து வளர்ந்ததுதான். லாகூரில் பேராசிரியராக இருந்த ஃபிர்த் என்ற மொழியியலாளர், ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்தே அறிய முடியும் என்று 1957இல் எழுதினார். எங்கள் டீக்கடையிலேயே அதைப் பார்க்கலாம். ஸ்ட்ராங் டீ கேட்பார்கள், லைட் டீ கேட்பார்கள். பவர்ஃபுல் டீ என்று யாரும் கேட்பதில்லை, அகராதியில் ஸ்ட்ராங்கும் பவர்ஃபுல்லும் ஒத்த சொல்லாக இருந்தாலும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லே தெரியாமல் வகுப்புக்கு வருவதில்லை. டிரெய்லர் ஓட்டுபவரின் மகளுக்கு டிடென்ஷன் தெரியும்: கப்பல் கம்பெனியின் கன்டெய்னரைக் குறித்த நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் கட்ட வேண்டிய பணம். சரக்கு துறைமுகத்திலேயே கிடந்தால் டெமரேஜ். பெட்டியில் சரக்கு ஏற்றுவது ஸ்டஃபிங், இறக்குவது டீஸ்டஃபிங். அந்தப் பெண்ணின் நோட்டில் 'டிடென்ஷன் - காவலில் வைத்தல்' என்று எழுதிப் போட்டால், இது வேறு ஏதோ சொல் என்று நினைத்துக்கொள்கிறாள். ஆளையோ பொருளையோ போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் இரண்டிலும் உள்ளது என்று ஒரு வரி சொன்னால் முகம் மலர்ந்துவிடும். டூட்டியும் அப்படித்தான். 'அப்பா டூட்டிக்குப் போயிருக்கார்' என்பதும், கஸ்டம்ஸ் டூட்டியும், குடிமையியல் புத்தகத்தில் குடிமகனின் டூட்டியும் அவர்களுக்கு மூன்று வெவ்வேறு சொல். தர வேண்டியது என்ற பொருளுள்ள 'டியூ' என்பதோடு ஒட்டிப் பிறந்த சொல் அது. கொடுக்க வேண்டிய வேலை, கட்ட வேண்டிய வரி, ஆற்ற வேண்டிய கடமை என்று மூன்றும் ஒரே நூலில் கோத்தவை. துறைமுகத்திலும் ஐஸ் ஃபேக்டரியிலும் பெரம்பூர் ரயில்வே பணிமனையிலும் புழங்கும் இத்தனை ஆங்கிலம் வீட்டுக்குள் இருக்கும்போது, அதைத் தொடாமலே பாடம் நடத்துவது பெரிய நஷ்டம்.

நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களையும் வகுப்பில் பேசுங்கள். கட்டுமரம்தான் கேட்டமரன் ஆனது என்று காசிமேட்டுப் பிள்ளைக்குச் சொன்னால் அவனுக்கு ஆங்கிலத்தின் மீதே ஓர் உரிமை வரும். கூடவே, இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டை அடித்தளம் கொண்ட படகு என்று பொருள், தாத்தா கடலுக்குப் போன மரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுருட்டு செரூட் ஆனதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு சொல்லை அவ்வளவு எளிதாகக் கடந்து போக முடியாது. ஆங்கில அகராதியில் 'பரையா' என்று இருக்கிறது. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். உலக நாடுகள் ஒதுக்கிய அரசை 'பரையா ஸ்டேட்' என்று இன்றும் செய்திகளில் எழுதுகிறார்கள். இது பறையர் என்ற நம் மக்களின் பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய், பிறகு வசைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. இதே சென்னையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று தலைநிமிர்ந்து பெயர் வைத்தார். ஒத்த சொல் பட்டியலில் அவுட்காஸ்ட் என்பதற்குப் பக்கத்தில் அந்தச் சொல் வரும்போது, வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் உள்ள வகுப்பறையில் அதைக் கேட்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பொருள் மட்டும் எழுதிப் போட்டுவிட்டு நகராதீர்கள். அது எங்கிருந்து போனது, ஏன் அதை நாம் எழுதக்கூடாது, பதிலுக்கு அவுட்காஸ்ட் என்று எழுதினாலே போதும் என்பதைச் சொல்லுங்கள். பொருளோடு பயன்பாட்டையும் சேர்த்துச் சொல்ல இதைவிட அவசியமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தாளின் முதல் பகுதியில் ஒத்த சொல், எதிர்ச்சொல் கேள்விகளுக்கு வாக்கியம் கொடுக்கத்தான் செய்கிறீர்கள். ஆனால் அது பாடத்தில் வந்த வாக்கியம், சொல்லும் ஏற்கெனவே மனப்பாடம் செய்த சொல். பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. சாய்வெழுத்தைப் பார்த்ததும் ஜோடியைத் தேடி டிக் அடித்துவிடும். அதே சொல்லைப் பாடத்தில் இல்லாத புது வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். அல்லது இரண்டு வாக்கியம் கொடுத்து, எதில் சொல் சரியாக வந்திருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் கேள்வியை மாற்றாத வரை, டீச்சர் மாற்ற நினைத்தாலும் தலைமையாசிரியரும் பெற்றோரும் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டித் தடுத்துவிடுவார்கள். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பத்துச் சொல் எழுதிப் போடும் இடத்தில் மூன்று சொல் போடுங்கள். நடுக்கோடு வேண்டாம், ஒவ்வொரு சொல்லுக்கும் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம், பிள்ளையின் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ இன்னொரு வாக்கியம். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிள்ளையே எழுதட்டும், தவறாக எழுதினாலும் பரவாயில்லை. திருத்தும்போது டிக் போடுவதற்குப் பதில் சரியான வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் வகுப்புக்கு ஒரு மாணவர் அகராதி மேசை மீது இருக்கட்டும், பீரோவில் பூட்டி வைக்காமல். கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியோடு மூடிவிடுகிறார்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரே ஒரு வகுப்பில், ஒரு பருவத்துக்கு மட்டும் இதைச் செய்து பாருங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களைச் சொல்வாரியாக நோட்டுகளில் சேர்த்து வைத்திருக்கிறோம். கேட்கும் ஆசிரியருக்கு நகல் எடுத்துத் தருகிறோம், செலவு எங்களுடையது. மாலையில் படிப்பகம் திறந்திருக்கும். ஒருநாள் வந்து அவர்கள் எழுதுவதை நேரிலும் பாருங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஒருவன்