பதினாறாம் நாள் ஸ்னோ: லண்டன் தமிழ் வானிலை ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

குளிர்காலம் முடியப்போகிறது என்றால் உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஜனவரிக் கடைசியில் நீங்கள் பரப்பிய அந்த ஊதா நிற வானிலைக் கணிப்புப் படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தென்கிழக்கு இங்கிலாந்து முழுக்க முழங்கால் அளவு ஸ்னோ! மூலையில் சின்ன எழுத்தில் +372 மணித்தியாலம், அதாவது பதினாறாம் நாளுக்கான கணிப்பு. அந்தப் படத்தைப் போடும் ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கணிப்பு நாளுக்கு நாலு தரம் புதிதாக ஓடுகிறது. அடுத்த ஓட்டத்திலேயே அந்த ஸ்னோ டென்மார்க் பக்கம் போய்விட்டது. அதை யாரும் பகிரவில்லை. பிறகும் எந்த ஓட்டத்தில் ஸ்னோ தெரிந்ததோ அதை மட்டும் பொறுக்கிப் போட்டு, 'இன்னும் உறுதியாகிறது' என்றீர்கள்.

நான் மரக்கறிக் கடைக்காரன். அந்தச் சனிக்கிழமை சாமத்தியவீடு வைத்திருந்த ஒரு குடும்பம், பேர்மிங்ஹாம் சொந்தங்கள் வழியில் மாட்டிக்கொள்வார்களே என்று பயந்து மண்டபத் திகதியைத் தள்ளிவிட்டது. அவர்களுக்கான மரக்கறி அதற்குள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிட்டது. சனிக்கிழமை ஒன்பது பாகை, மெல்லிய தூறல். திங்கட்கிழமை வல்லாரைக் கட்டைப் பிரித்தால் நடுவெல்லாம் கறுத்து வழிகிறது. முருங்கைக்காயை அரை விலைக்குக் கொடுத்தேன். கீரையை யாருக்குக் கொடுப்பது?

உடனே 2018ஐக் காட்டுவீர்கள். பெப்ரவரி நடுவில் துருவத்துக்கு மேலே, 30 கிலோமீற்றர் உயரத்தில் திடீர் வெப்பமேற்றம்; இது சிலவேளை கிழக்கிலிருந்து குளிரை இங்கே இழுத்துவரும். இரண்டு கிழமையில் 'கிழக்கின் மிருகம்' என்ற கடுங்குளிர் அலை வந்து நாடே உறைந்தது. உண்மைதான். 2019ஐ ஏன் சொல்வதில்லை? ஜனவரித் தொடக்கத்தில் அதே வெப்பமேற்றம். பெப்ரவரி 26 அன்று கியூ தோட்டத்தில் 21.2 பாகை! சனம் சேர்ட்டோடு திரிந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு நிலையம் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 ஓட்டங்கள் ஓட்டுகிறது. அதில் எத்தனை ஸ்னோ காட்டுகின்றன, எத்தனை நாள் தள்ளிய கணிப்பு என்று படத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

இதைச் செய்ய ஏன் இவ்வளவு தயக்கம்? '51இல் 4' என்றால் யாரும் பகிரமாட்டார்கள் என்ற பயமா? ஊரில் சாத்திரியார்கூடப் பலன் பிழைத்தால் ஒரு பரிகாரம் சொல்வார். நீங்கள் 'அடுத்த ஓட்டம் வரட்டும்' என்கிறீர்கள். இங்கத்தைய மலிவுப் பத்திரிகைகளோ ஒவ்வொரு குளிர்காலமும் 'பனிக்குண்டு' என்று தலைப்புப் போடுகின்றன. அவர்களாவது காசுக்குச் செய்கிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் உழைப்பில் எனக்கு மதிப்பு உண்டு; விடிய விடிய விழித்திருந்து படம் பார்ப்பது லேசான காரியமில்லை. தயவுசெய்து அந்த எண்ணை எழுதுங்கள். அது இல்லாத படத்தைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

மார்ச்சிலும் ஸ்னோ வரலாம், 2018 மார்ச் நடுவிலும் வந்ததுதான். ஆனால் அந்தச் சாமத்தியவீட்டை இப்போது மார்ச்சுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். மரக்கறி ஓடரும் என்னிடம்தான்.

இப்படிக்கு,
ஹரோவில் இருந்து ஒரு கடைக்காரன்