நிட்வெட்வே பள்ளிக்கு வாசிப்புப் புத்தகங்களும் இரண்டு உதவியாளர்களும்: நன்கொடை வேண்டுகோள்

டொங்காட், வெருலம், ஸ்டாங்கர் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

டொங்காட்டுக்கு மேற்கே, கரும்புக்காடு முடிந்து மலை ஏறும் பக்கம் நிட்வெட்வே. அங்குள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் கிரேடு 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு, வரும் ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகள் துணை நிற்பதென்று எங்கள் கோவில் கல்விக் குழு முடிவெடுத்திருக்கிறது. அதற்குத்தான் உங்களிடம் கேட்டு வருகிறோம்.

எதற்குக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கட்டடத்துக்கு இல்லை, கம்ப்யூட்டர் அறைக்கும் இல்லை. டேப்லெட் வாங்கித் தரலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? 2021-இல் நடந்த பர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்வில், தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் எந்த மொழியிலும் படித்துப் பொருள் புரிந்துகொள்ள முடியவில்லை. மூன்றாம் கிரேடு வரை ஜூலுவில் படிக்கும் பிள்ளை நான்காம் கிரேடில் ஆங்கிலத்துக்கு மாறுவதே நெடுங்கால வழக்கம். தாய்மொழியிலேயே தடுமாறுகிற பிள்ளை அங்கே விழுந்தால், பெரும்பாலும் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வு வரை எழுந்திருப்பதில்லை.

எது பலன் தருகிறது என்பதற்கு இந்த நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. நார்த் வெஸ்ட் மாகாணத்தில் 2015 முதல் ஏழைப் பள்ளிகளில் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவு ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டமும் சின்னச் சின்ன வாசிப்புப் புத்தகங்களும் கொடுத்து, ஓர் இடத்தில் கூட்டிப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பிரிவுக்கும் அதே பாடத்திட்டம், அதே புத்தகங்கள். ஆனால் பயிற்சியாளர் வகுப்பறைக்கே போய், டீச்சர் பக்கத்தில் நின்று உதவினார். இரண்டாவது முறையில் கிடைத்த முன்னேற்றம் முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் திட்டமும் இதை ஒட்டியதுதான்: படிப்படியான ஜூலு வாசிப்புப் புத்தகங்கள், மாதம் இருமுறை வகுப்புக்கு வரும் அனுபவமுள்ள ஓய்வுபெற்ற ஜூலு ஆசிரியை ஒருவர், அந்த ஊரிலேயே மெட்ரிக் முடித்து வேலையில்லாமல் இருக்கும் இரண்டு இளைஞர்கள். ஒரே வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க டீச்சர் ஒருத்தியால் முடியாது. அந்த இளைஞர்களுக்கு அதுதான் வேலை.

சம்பளக் கணக்கு இது. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; அதை வைத்துக் கணக்கிட்டோம். நாளுக்கு 4 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் ஒருவருக்குச் சுமார் 2,300 ராண்ட். பத்து மாதத்துக்கு இருவருக்கும் சேர்த்து 46,000. கூலி உயர்ந்தால் இதுவும் உயரும். ஆசிரியை பெட்ரோல் காசு மட்டும் போதும் என்கிறார். 'வூலா புலா' என்ற படிப்படியான வாசிப்புப் புத்தக வரிசையை உரிமத் தொல்லை இல்லாமல் அச்சடிக்கலாம் என்பதால் அந்தச் செலவு குறைவு.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். கட்டணமில்லாப் பள்ளி என்பதால் அரசு உணவுத் திட்டம் மதியத்துக்கு முன்னேயே ஒரு வேளை கொடுத்துவிடுகிறது. எனவே எங்கள் பணம் அதற்குத் தேவையில்லை.

"நம்ம பிள்ளைகளுக்கே தமிழ் வகுப்பு நடத்தக் காசில்லை, அவர்களுக்கு ஏன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு தானாகப் பள்ளி கட்டித் தரவில்லை. நம் ஆட்கள் ஒரு பவுண்டு சேர்த்தால் அரசு ஒரு பவுண்டு போடும். அப்படித்தான் நேட்டாலின் இந்தியப் பள்ளிகளில் பல எழுந்தன. கொல்லத்திலிருந்து 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான், உழைத்துச் சேர்த்த காசைத் தொழிற்கல்விக்குக் கொடுத்தார். அந்தக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. நமக்கு அடுத்த மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பவுண்டைப் போட இன்றைக்கு நம்மால் முடியும். தமிழ் வகுப்புக்கான உண்டியலைத் தொடமாட்டோம், அது தனிக் கணக்கு.

பள்ளியின் பெற்றோர் நிர்வாகக் குழுவிடம் சம்மதம் வாங்கிவிட்டோம். தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதனால் முதல் ஆண்டுச் செலவு முழுவதும் கையில் சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்குவோம். போதாமல் போனால், கொடுத்தவர்களைக் கேட்டு அவரவர் பணத்தைத் திருப்பித் தருவோம்.

ஐம்பது ராண்ட் கொடுத்தாலும் சரி, மாதாமாதம் கொடுத்தால் இன்னும் நல்லது. பெயர்ப்பலகை எதுவும் வைக்கமாட்டோம். வரிச்சலுகைக்கான 18ஏ ரசீது தர எங்களுக்கு இன்னும் அனுமதி இல்லை. பொருளாளர் கையெழுத்திட்ட சாதாரண ரசீதுதான் கிடைக்கும். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோவில் அலுவலகத்தில் பணம் கட்டலாம், வங்கிக் கணக்கு எண்ணும் அங்கேதான் தருவோம். வாட்ஸ்அப்பில் யாராவது எண் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கோவில் கல்விக் குழு, டொங்காட்